இரவில் ஓடும் ஸ்லீப்பர் பெட்டி: மாடல் ரயிலுக்கு விளக்கும் நுணுக்க வேலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் ரயில் பெட்டிக்கு விளக்குப் போடுவது பற்றிப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அளவு ஹெச்.ஓ, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது பழைய ஐ.சி.எஃப் (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) ஸ்லீப்பர் பெட்டி. பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய தொழிற்சாலை இந்த வகைப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இருப்பவையும் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. நாம் தூங்கிப் போன பெட்டி அது. அதன் இரவு முகத்தைச் சரியாகச் செய்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் ஓர் இரவு ரயில் நிலையத்துக்குப் போங்கள். பிளாட்பாரத்தின் கடைசி வரை, விளக்கு வெளிச்சம் குறைந்த இடம் வரை நடந்து போய் நின்று, ஒரு ரயில் மெதுவாகக் கிளம்புவதைப் பாருங்கள். ஜன்னலில் தெரியும் வெளிச்சம் பெட்டி முழுக்க ஒரே சீராக இருக்காது. ஒரு கேபினில் எல்லா விளக்கும் எரியும், அடுத்ததில் நீல இரவு விளக்கு மட்டும், அதற்கடுத்து முழு இருட்டு. கதவோரம் தனியாக ஒரு விளக்கு. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் அப்பர் பெர்த்துக்கு அடியில் நிழல் தங்கியிருக்கும்.

இதைப் பார்க்காமல் செய்தால் பெட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஒளிரும். நான் பார்த்த மாடல்களில் அதிகம் காணும் பிழை இதுதான். பகலில் விவரம் பார்க்க வேண்டுமானால் சென்னையில் நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பெட்டிகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் 12 வோல்ட் எல்.இ.டி ஸ்ட்ரிப்பை வெட்டி ஒட்டினால் போதாதா?

எரியும். ஆனால் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

அந்த ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டியாகத் தொடரில் கோத்திருப்பார்கள். வெள்ளை எல்.இ.டி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், மூன்றுக்கு 9. மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் ஒரே திசையில் திருப்பிவிட இடையில் வைக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஆக தண்டவாளத்தில் பத்து வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் விளக்கு சரியாக எரியும். வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் சாதாரண டி.சி கண்ட்ரோலரில் ஓட்டுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட முழு வேகம். ரயில் மெதுவாக நிலையத்துக்குள் வரும்போது, பார்க்க ஆசைப்படும் அந்த நேரத்தில், பெட்டி இருண்டுவிடும்.

இரண்டாவது மின்சாரச் செலவு. ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்று முழு ஒளியில் 20 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஐ.சி.எஃப் பெட்டியின் உடல் நீளம் சுமார் 21.3 மீட்டர், ஹெச்.ஓவில் 24.5 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஐந்து துண்டு, 100 மில்லி ஆம்பியர். பன்னிரண்டு பெட்டி என்றால் 1.2 ஆம்பியர் விளக்குக்கே போய்விடும்.

மூன்றாவது, ஸ்ட்ரிப்பில் எல்.இ.டிகள் இருக்கும் இடத்துக்கும் உங்கள் பெட்டியின் கேபின்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்படியானால் எத்தனை எல்.இ.டி, எங்கே வைப்பது?

அசல் பெட்டியே பதில் சொல்லிவிடுகிறது. ஐ.சி.எஃப் ஸ்லீப்பரில் 72 பெர்த், கேபினுக்கு 8, ஆக 9 கேபின். கேபினுக்கு ஓர் எல்.இ.டி வையுங்கள். இப்போதைய புதிய வகையான எல்.ஹெச்.பி ஸ்லீப்பராக இருந்தால் 80 பெர்த், 10 கேபின். பெட்டியின் நீளமும் 27 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு முனையிலும் கழிவறைப் பக்க நடைக்கு ஒவ்வொன்று கூடுதலாக வைத்தால் கதவு உயிர் பெறும்.

0603 அல்லது 0805 அளவு எஸ்.எம்.டி (நீளக் கால்கள் இல்லாத மிகச் சிறிய வகை) எல்.இ.டி சரியாக இருக்கும். 0603 என்பது 1.6 மி.மீக்கு 0.8 மி.மீ. கூரையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து, அதில் இரண்டு செம்புக் கம்பிகளை இணையாக ஓட்டி, ஒவ்வொரு எல்.இ.டியையும் அதனதன் ரெசிஸ்டரோடு குறுக்கே சால்டர் செய்யுங்கள். எல்லாம் பேரலல் என்பதால் ஒன்று போனாலும் மற்றவை எரியும். ஆறு வோல்ட்டிலேயே வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே ரெசிஸ்டரை ஒன்பது எல்.இ.டிக்கும் பொதுவாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எல்.இ.டிகளுக்குள் சிறு வித்தியாசம் இருக்கும், ஒன்று பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

ரெசிஸ்டர் எவ்வளவு?

கணக்கு எளிது. டி.சி.சி முறையில், அதாவது தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்க டிஜிட்டல் கட்டளையால் எஞ்சினை ஓட்டும் முறையில், 14 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜுக்கு 1.4, எல்.இ.டிக்கு 3 கழித்தால் மிச்சம் 9.6. ஒரு மில்லி ஆம்பியர் போதும் என்றால் 9.6 கிலோ ஓம், கடையில் கிடைப்பது 10 கிலோ ஓம். அதைப் போடுங்கள்.

ஒரு மில்லி ஆம்பியர் போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இன்றைய எல்.இ.டிகள் அவ்வளவு திறனானவை. பல நேரம் அதுவே கூடுதலாகத் தெரியும். என் வழி இது: ஓர் எல்.இ.டியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 50 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரையும் தொடராக இணைத்து, பெட்டிக்குள் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை ஐந்து நிமிடம் காத்திருப்பேன். அப்புறம் திருகிப் பார்த்து, கண்ணுக்குச் சரி என்று பட்ட இடத்தில் நிறுத்தி, மின்சாரத்தை எடுத்துவிட்டு மல்ட்டிமீட்டரில் அளப்பேன். வந்த எண்ணுக்கு அருகில் உள்ள ரெசிஸ்டரைப் போடுவேன். என் ஸ்லீப்பர் பெட்டிகளில் பெரும்பாலும் 15 முதல் 22 கிலோ ஓம்வரை வந்து நின்றது. மொத்தப் பெட்டியும் பத்து மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது.

வெள்ளையில் எந்த வெள்ளை?

காலத்தைப் பொறுத்தது. குண்டு பல்ப் காலத்துப் பெட்டி என்றால் 2700 கெல்வின் அருகில் உள்ள மஞ்சள் கலந்த வெள்ளை. டியூப்லைட் காலம் என்றால் 6000 கெல்வின் பக்கம் உள்ள குளிர் வெள்ளை. இரவு விளக்குக்கு நீல எல்.இ.டி. நீலத்தை இன்னும் மங்கலாக்க வேண்டும், 47 கிலோ ஓம் போட்டாலும் தப்பில்லை. வெள்ளைக்கு ஒரு லைன், நீலத்துக்கு ஒரு லைன் என்று தனித்தனியாக இழுத்துவிட்டால் பிறகு ஸ்விட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒன்பது கேபினில் நாலு நீலம், மூன்று வெள்ளை, இரண்டு இருட்டு. இரவு பதினொரு மணி ரயில் அப்படித்தான் இருக்கும்.

ஓடும் பெட்டிக்கு மின்சாரம் எப்படிக் கொண்டுவருவது?

எல்லாச் சிரமமும் இங்கேதான். எல்.இ.டி எரியவில்லை என்று என்னிடம் வரும் பெட்டிகளில் எல்.இ.டி கெட்டுப்போனது அரிது. மின்சாரம் மேலே வந்து சேர்ந்திருக்காது.

பேச்சில் முழுப் பெட்டியையும் போகி என்கிறோம். இங்கே நான் போகி என்பது பெட்டிக்கு அடியில் நாலு சக்கரத்தோடு திரும்பும் அந்தச் சட்டம். முதலில் பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுங்கள். ஹெச்.ஓ சக்கர ஜோடிகளில் பொதுவாக ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அச்சிலிருந்து மின்காப்பு செய்யப்பட்டிருக்கும். அதனால் அச்சைத் தொட்டால் மறுபக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் கிடைக்கும். முன் போகியின் இரண்டு அச்சையும் இடது தண்டவாளத்திலிருந்து எடுக்கும்படியும், பின் போகியின் இரண்டையும் வலதிலிருந்து எடுக்கும்படியும் திருப்பிப் போடுங்கள். அச்சின் மேல் மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகடு ஒன்று லேசாக உரச வேண்டும். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பெட்டியில் உரசல் கொஞ்சம் கூடினால் தெரியாது. பத்துப் பெட்டி சேர்ந்தால் எஞ்சின் ஏற்றத்தில் வழுக்கும். தகட்டை வளைத்தபின் பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தானாக உருண்டு நிற்க வேண்டும், சட்டென்று நின்றால் அழுத்தம் அதிகம்.

தகட்டிலிருந்து மேலே போகும் ஒயர் மிக மெல்லியதாகவும் தளர்வாகவும் இருக்கட்டும். விறைப்பான ஒயர் போகியைத் திரும்பவிடாது, வளைவில் பெட்டி தடம் புரளும். மோட்டார் சுற்றும் எனாமல் கம்பியில் 0.1 மி.மீ அளவு இதற்கு நன்றாக இருக்கும். பெட்டித் தளத்தில் போகி திருகுக்குப் பக்கத்திலேயே துளை போட்டு ஏற்றினால் திரும்பும்போது இழுப்பு குறையும்.

விளக்கு சிமிட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியே போதும். அதன் பிறகும் சிமிட்டினால் கப்பாசிட்டர்.

பிரிட்ஜுக்குப் பிறகு 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டால், நான் மேலே சொன்ன சிறு மின்னோட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு விநாடியாவது விளக்கு தாங்கும். தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டைக் கடக்க அது ஏராளம். விளக்கை மங்கலாக வைப்பதன் இன்னொரு லாபம் இது. ஸ்ட்ரிப் போட்டவர்களுக்கு இதே கப்பாசிட்டர் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது.

டி.சி.சியில் ஓட்டுகிறவர்கள் கப்பாசிட்டரை நேரடியாக இணைக்கக் கூடாது. மின்சாரம் போட்டதும் பத்துக் காலிக் கப்பாசிட்டர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும். ஷார்ட் என்று நினைத்து, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அணைந்துவிடும். கப்பாசிட்டரின் பிளஸ் காலோடு தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், மெதுவாக நிரம்பும். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு டயோடு, கோடு போட்ட முனை பிரிட்ஜின் பிளஸ் பக்கம் பார்க்கும்படி. வெளியே வரும் மின்சாரம் தடையில்லாமல் அந்த வழியாக வரும். பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்தால் எலக்ட்ரோலிட்டிக் வெடிக்கும், இரண்டு முறை பாருங்கள்.

இவ்வளவு பெரிய கப்பாசிட்டரை எங்கே ஒளிப்பது என்றால், கழிவறைக்குள். அசலிலும் அங்கே மங்கல் கண்ணாடிதான். அதற்கென்றே இடம் விட்டுவைத்த மாதிரி இருக்கும்.

பேட்டரி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

உண்மைதான், அலமாரியில் நிற்கும் பெட்டிக்கு அதுவே நல்லது. சி.ஆர் 2032 பொத்தான் பேட்டரி இரண்டைத் தொடராக வைத்தால் 6 வோல்ட். ஒன்றின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. 4 மில்லி ஆம்பியர் செலவழித்தால் ஐம்பது மணி நேரத்துக்கு வரும். சக்கரத்தில் உரசலும் இருக்காது. தினமும் ஓடும் ரயிலுக்கு மட்டும் நான் சொல்ல மாட்டேன். பத்துப் பெட்டியைக் கழற்றிப் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

விளக்கு போட்டதும் சுவரே ஒளிர்கிறது, ஏன்?

பிளாஸ்டிக் மெல்லியது, வெளிச்சம் ஊடுருவுகிறது. உட்புறம் முழுக்க முதலில் மேட் கறுப்பு, அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை அதை உள்ளேயே சிதறவைக்கும். கூரையும் உடலும் சேரும் விளிம்பில் கசிவு தெரிந்தால் கறுப்பு வண்ணம் தொட்ட மெல்லிய நுரைப்பட்டை வையுங்கள். அலுமினியத் தாள் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு ஒயர் தோல் உரிந்தாலும் ஷார்ட். அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கடைசிப் பெட்டிக்கு என்ன விளக்கு?

எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். நம் ரயிலின் கடைசிப் பெட்டியில் பெரிய எக்ஸ் குறி இருக்கும், எல்.வி (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) என்று எழுதிய சின்னப் பலகை தொங்கும், இரவில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும். இது அலங்காரம் இல்லை. கடந்து போகும் ரயில் முழுதாகப் போனதா, நடுவில் எங்காவது பெட்டி கழன்று தடத்தில் நின்றுவிட்டதா என்று நிலையத்தில் நிற்பவர் இதைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார். இதைச் சேர்த்தபின் மாடல் ரயில் ஒரு முழு ரயிலாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

தானே சிமிட்டும் எல்.இ.டி கடையில் கிடைக்கும், ஆனால் 3 மி.மீ விட்டம் ஹெச்.ஓவுக்குப் பெரிது. அசலில் கால் மீட்டருக்கு மேல் வந்துவிடும். 0603 சிவப்பு எல்.இ.டியை 555 டைமர் என்ற சின்ன ஐ.சி சில்லால் இயக்குவது மேல். 10 கிலோ ஓம், 680 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை சிமிட்டும். சர்க்யூட்டை ரயில் கார்டின் அறைக்குள் வைத்துவிடலாம்.

எஞ்சினில் ஃபிளாஷர் விளக்கும் சிமிட்டலாமா?

விளக்கைப் பொருத்துங்கள், ஆனால் தனி ஸ்விட்சில் வையுங்கள். எஞ்சின் கூரையில் உள்ள மஞ்சள் ஃபிளாஷர் ஆபத்து அறிவிப்பு. தன் ரயிலுக்கு ஏதோ ஆகிவிட்டது, பக்கத்துத் தடத்தில் அடைப்பு இருக்கலாம், எதிரில் வருகிறவர் நிறுத்த வேண்டும் என்பதற்கானது. அதை எந்நேரமும் சிமிட்டவிட்டு ஓட்டினால், ரயில் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

எஞ்சினுக்குள் டி.சி.சி கட்டளையை வாங்கிச் செயல்படுத்தும் டிகோடர் இருந்தால், விளக்கு போன்றவற்றுக்கான ஃபங்ஷன் ஒயரில் இணைக்கலாம். ஒயர் நிறங்கள் தரப்படுத்தப்பட்டவை: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பிளஸ். அடுத்த ஃபங்ஷன் பச்சை, அதற்கடுத்து ஊதா. ஃபிளாஷரைப் பச்சையில் வையுங்கள். நீல ஒயர் எஞ்சின் சட்டத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் டிகோடர் போய்விடக்கூடும்.

ஜன்னல் கம்பிகளை எப்படிச் செய்வது?

ஏ.சி இல்லாத பெட்டியின் அடையாளமே அந்தக் கிடைமட்டக் கம்பிகள். பிரிண்ட் எடுத்து ஒட்டினால் பகலில் சமாளிக்கும், உள்ளே விளக்கு எரிந்ததும் தட்டையாகத் தெரியும். கிதாரின் மிக மெல்லிய எஃகுத் தந்தி 0.23 மி.மீ இருக்கும், அதையே பயன்படுத்துகிறேன். செம்புக் கம்பி வளைந்து நெளியும், எஃகு நேராக நிற்கும். ஜன்னல் வரிசை முழுவதற்கும் ஒரே நீளக் கம்பியை உட்புறமாக ஓட்டி, இடையிலுள்ள சுவர்களில் ஒட்டினால் எல்லா ஜன்னலிலும் ஒரே மட்டம் கிடைக்கும். முதல் பெட்டிக்கு எனக்கு மூன்று வார மாலைகள் ஆயின. விளக்கு போட்ட அன்று கம்பிகளின் நிழல் பக்கத்துத் தண்டவாளக் கற்களில் விழுந்ததைப் பார்த்தேன், அந்த மூன்று வாரமும் அங்கே கண் முன்னால் இருந்தது.

கண்ணாடிக்கு அருகில் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறம் தெரியாது.

பெட்டி எண்ணை நானே தேர்ந்தெடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் அதற்கு இலக்கணம் உண்டு. ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு செய்த ஆண்டு, கடைசி மூன்று பெட்டியின் வகை. 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. 98237 என்றால் 1998-ல் செய்த ஸ்லீப்பர். மேலே டபிள்யூ.ஜி.எஸ்.சி.என் என்று எழுதியிருக்கும்: பெட்டிக்குப் பெட்டி நடைபாதை உள்ள, தன் மின்சாரத்தைத் தானே எடுக்கும், இரண்டாம் வகுப்பு, மூன்றடுக்கு ஸ்லீப்பர் என்று பொருள். நிறத்தையும் காலத்தோடு பொருத்துங்கள். செங்கல் சிவப்பு பழையது, நீலம் 1990களில் காற்று பிரேக் பெட்டிகளோடு பரவியது.

எழுத்துகளுக்கு, தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் வாட்டர் ஸ்லைட் டெகால் தாள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் வெள்ளை நிறம் அச்சிடாது என்பதை நினைவில் வையுங்கள். நீலப் பெட்டியில் வெளிர் எழுத்து வேண்டுமானால், வெள்ளை டெகால் தாளில் சுற்றிலும் பெட்டியின் நீலத்தை அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விட வேண்டும். ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டியபின் மேட் வார்னிஷ். பிறந்த ஆண்டு எண்ணை வைக்கிறவர்கள் உண்டு. நான் சிறுவயதில் பயணம் செய்த பெட்டி ஒன்றின் எண்ணை ஒரு பழைய புகைப்படத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

எடை கூட்ட வேண்டுமா?

ஆம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ பரிந்துரைப்படி ஹெச்.ஓ பெட்டிக்கு ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 24.5 சென்டிமீட்டர் பெட்டிக்குச் சுமார் 165 கிராம். எடை தளத்தோடு ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடித்தால் மின்சாரமும் நன்றாக வரும்.

அகலப்பாதைப் பெட்டி 16.5 மி.மீ தண்டவாளத்தில் ஓடுவது தவறில்லையா?

1676 மி.மீயை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ வர வேண்டும். அந்த அளவில் தண்டவாளம் முதல் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலோர் 16.5ஐ ஏற்றுக்கொள்கிறோம். பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொருட்கள் எங்கே கிடைக்கும்?

எல்.இ.டி, ரெசிஸ்டர், கப்பாசிட்டர், எனாமல் கம்பி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எஸ்.எம்.டி எல்.இ.டியை ஒன்று இரண்டாக வாங்காமல் ஒரே ரோலிலிருந்து நூறாக வாங்குங்கள். வேறு வேறு ரோல் என்றால் வெள்ளையின் சாயல் மாறும், ஒரே பெட்டிக்குள் அது தெரியும். கூர்முனை சால்டரிங் அயர்ன், நல்ல ட்வீசர், 0.4 மி.மீ துளையிடும் கைத்திருகி, மல்ட்டிமீட்டர், தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி. சால்டரிங்கை எப்போதும் பெட்டிக்கு வெளியே முடித்துவிட்டு உள்ளே பொருத்துங்கள், பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும், புகை நல்லதல்ல.

உள்ளே ஆட்கள் வைக்கலாமா?

வைக்க வேண்டும். 1.7 மீட்டர் மனிதர் இங்கே 19.5 மி.மீ. பெர்த் உயரத்துக்குக் காலை வெட்டி உட்காரவையுங்கள். மேல் பெர்த்தில் போர்வை மூடிப் படுத்தவர்களை டிஷ்யூ தாளில் ஃபெவிகால் தடவிச் செய்துவிடலாம். எல்லாக் கேபினிலும் ஆள் வேண்டாம், நீல விளக்கு எரியும் கேபினில் படுத்தவர்கள், வெள்ளை விளக்கில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள். கதவோரம் ஒருவர் நின்றால் அந்தத் தனி விளக்கு அவர் தோளில் விழும்படி வையுங்கள்.